டிரில் டீச்சரின் ஆம்ப்ளிஃபயர்

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை, இரு கரையிலும் எத்தனையோ விசித்திரமான மனிதர்கள் இருந்திருக்கலாம். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு டிக்கெட் எடுத்து, அதை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே பயணம் செய்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் டிரில் டீச்சர்.

அவருக்குப் பெயர் உண்டு. திருநெல்வேலியில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. டிரில் டீச்சர் என்று சொன்னால், “யாரு, கிட்டார் வாசிக்க டிரில் டீச்சரா?” என்பார்கள். அது கிட்டார் இல்லை, பேஸ் கிட்டார் என்று திருத்துவதிலேயே என் ஆயுளில் பாதி போய்விட்டது.

மெல்லிசைக் கச்சேரி மேடையைப் பார்த்திருப்பீர்கள். பாடகருக்குப் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், கழுத்து நீண்ட ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு ஒருவர் தும் தும் என்று தட்டிக்கொண்டிருப்பார். வீடியோ எடுப்பவர் அவரை எடுக்கமாட்டார். சால்வை போர்த்தும்போது அவர் பெயர் விட்டுப்போகும். அவர் வாசிப்பதை யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால் மட்டும், சாம்பாரில் உப்பு விட்டுப்போனதுபோல் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

அப்படித் தலையைத் தூக்கிப் பார்க்கவைக்கிற ஆட்கள் நாங்கள் மூன்று பேர் ஒரு கூட்டாக இருந்தோம். நான் பகலில் மருந்துக்கடைக்காரன். இரண்டாவது ஆள் சுடலை, தச்சநல்லூரில் தையல்கடை வைத்திருக்கிறான். மூன்றாவது, ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த டீச்சர். எங்கள் இருவரையும்விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடலையின் கடை பாதி ஷட்டர் இறங்கிக் கிடக்கும். உள்ளே துணி வெட்டும் மேசைமேல் மூன்று பேஸையும் படுக்கவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம்.

“அப்படி என்னத்தப் பேசுவீங்க?” என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

“ஸ்பீக்கரப் பத்தி.”

“நாலு மணி நேரமா?”

“பன்னெண்டு இஞ்சு ஸ்பீக்கரப் பத்தி ரெண்டு மணி நேரம். பதினஞ்சு இஞ்சப் பத்தி ரெண்டு மணி நேரம்.”

அதன்பிறகு அவள் கேட்டதில்லை.

சுடலையிடம் இருப்பது ஜப்பானில் செய்த பேஸ். அதற்கு அவனே அளவெடுத்து, சஃபாரி துணியில், உள்ளே லைனிங் கொடுத்து, இரண்டு பாக்கெட் வைத்து உறை தைத்திருக்கிறான். அவன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைவிட அது நன்றாக உட்கார்ந்திருக்கும். நான் வைத்திருப்பது ஐந்து கம்பி பேஸ். எல்லோருக்கும் நான்கு கம்பி, நமக்கு ஐந்து என்றால் கூடுதல் மரியாதை கிடைக்கும் என்று நம்பி வாங்கியது. டீச்சர் அதை முதன்முதலில் பார்த்தபோது கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, “நாலு கம்பி வாசிக்கதுக்கு. அஞ்சாவது எதுக்குல, துணி காயப்போடவா?” என்று கேட்டார்.

அவருடைய பேஸ் கல்கத்தாவில் செய்தது, செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கழுத்து லேசாக வளைந்திருக்கும். மழைக்காலத்தில் ஒரு பக்கமும் வெயில்காலத்தில் மறுபக்கமும் வளையும். அதைச் சரிசெய்யச் சொன்னால் கோபம் வரும். “பிள்ளையளும் அப்படித்தான். அதது அன்னைக்கு எப்படி நிக்கோ அதப் பாத்து நாமதான் வேல வாங்கணும்” என்பார்.

டீச்சர் பேஸுக்கு வந்த கதையே வேறு மாதிரி. அம்பாசமுத்திரத்தில் ஒரு காலத்தில் நிலபுலன் இருந்த சைவக் குடும்பம். அவருடைய அப்பா மகளுக்கு வீணை கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டார். டீச்சருக்கு வீணைமேல் ஒரு குறையும் இல்லை. அதற்கு உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் குறை. “உக்காந்துட்டு செய்யுத எந்த வேலையும் எனக்கு ஆகாது” என்று அவர் அப்போதே சொல்லிவிட்டாராம்.

பின்னால் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபின், ஆண்டுவிழாவுக்கு மாணவிகளை டிரில் பழக்கினார். பேண்டு மேளம் என்னதான் அடித்தாலும் கால்கள் ஒன்றாக விழவில்லை. விழாவன்று பாட்டுக்கச்சேரிக்கு வந்திருந்த குழு ஓரமாக நின்று சாமான்களைச் சோதித்துக்கொண்டிருந்தது. அதில் பேஸ் வாசிப்பவர் சும்மா தும் தும் என்று தட்டினார். மைதானத்தில் நின்ற அத்தனை மாணவிகளின் கால்களும் அதோடு சேர்ந்துகொண்டன. யாரும் சொல்லவில்லை, பிள்ளைகளே கவனிக்கவும் இல்லை. “மேளம் அடிச்சா பிள்ளையள் திரும்பிப் பாக்கும். இது அடிச்சா நடக்குது” என்று டீச்சர் அதைச் சொல்வார். அடுத்த மாதமே கல்கத்தா பேஸை வாங்கிவிட்டார்.

மேடையில் அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு குதிகாலும் சேர்ந்திருக்கும். முகத்தில் கொடியேற்ற நேரத்து உணர்ச்சி. கழுத்தில் பேஸின் பட்டையோடு பள்ளிக்கூட விசிலும் தொங்கும். அது ஏதோ பழக்கத்தில் தொங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரியில் டிரம்ஸ்காரர் உற்சாகம் தாங்காமல் வேகம் கூட்டிக்கொண்டே போனார். டீச்சர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை விசிலை எடுத்து ஊதிவிட்டார். பாட்டு அப்படியே நின்றது. முன்வரிசையில் எழுந்து ஆடிக்கொண்டிருந்த பையன்கள் தாங்கள்தான் தப்பு செய்துவிட்டோம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். டீச்சர் டிரம்ஸ்காரரிடம், “முதல்ல இருந்து. பைய” என்றார். முதலில் இருந்து, பைய, வாசித்தார்கள்.

இனி ஆம்ப்ளிஃபயர். பேஸுக்கு ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் அது வெறும் கட்டையும் கம்பியும்தான். அம்பாசமுத்திரம் பக்கம் மூடிக்கிடந்த சினிமா தியேட்டர் ஒன்றை இடித்தார்கள். பழைய இரும்போடு போகவிருந்த ஆம்ப்ளிஃபயரை டீச்சர் கேட்டு வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தேக்குப் பெட்டி. உள்ளே வால்வுகள், அதாவது அந்தக் காலத்து ரேடியோக்களில் இருக்குமே, சூடேறினால் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும் கண்ணாடிக் குடுவைகள், அவை. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகுதான் சத்தம் வரும்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல. என் ஆம்ப்ளிஃபயரில் வாசித்தால் சத்தம் நம்மை நோக்கி வரும். டீச்சருடையதில் வாசித்தால் அது ஏற்கெனவே அங்கே இருந்ததுபோலவும், நாம்தான் இப்போது கவனிக்கிறோம் என்பதுபோலவும் இருக்கும். எந்த ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும் டீச்சர் அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து வாசித்துப் பார்ப்பார். “தண்ணி நடுங்கணும். டம்ளர் நடுங்கக் கூடாது” என்பதுதான் அவருடைய தேர்வு. என்னுடையதில் டம்ளர் நடந்தே போய்க் கீழே விழுந்தது. சுடலையின் பம்பாய் ஆம்ப்ளிஃபயர் ஜஸ்ட் பாஸ்.

அதை அம்பாசமுத்திரத்திலிருந்து கச்சேரிகளுக்குக் கொண்டுவருவதில்தான் பஸ் விவகாரம் வந்தது. நானும் அன்று கூட இருந்தேன்.

கண்டக்டர், “டீச்சர், இதத் தூக்கி டாப்புல போடணும்” என்றார்.

“டாப்புல போட்டா வால்வு உடைஞ்சிரும்.”

“அப்போ கடைசி சீட்டுக்குக் கீழ வைங்க.”

“அங்கன குலுங்கும்.”

“பொறவு எங்கனதான் வைக்கது?”

“ரெண்டு டிக்கெட் குடுங்க.”

“இன்னொண்ணு யாருக்கு?”

டீச்சர் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார். “முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?”

டீச்சர் உண்மையாகவே யோசித்துவிட்டு, “முழு டிக்கெட். அது என்னவிட மூத்தது” என்றார்.

வீரவநல்லூரில் கைப்பிள்ளையோடு ஒரு அம்மா ஏறினார். பஸ்ஸில் இடமில்லை. டீச்சர் உடனே எழுந்து தன் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். அந்த அம்மா பெட்டியையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். “அதத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா நீங்களும் உக்காரலாம்லா டீச்சர்” என்றார். “அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கு தாயி” என்றார் டீச்சர். சேரன்மகாதேவி தாண்டியதும் குழந்தை ஆம்ப்ளிஃபயர்மேல் கையை வைத்துத் தூங்கிவிட்டது. அதன்பிறகு அந்தத் தடத்தில் ஓடிய கண்டக்டர்கள் யாரும் கேட்டதில்லை. “பெரியவருக்கு ஜன்னல் சீட்டா டீச்சர்?” என்பதோடு சரி.

பெரியவருக்குக் குறைகளும் இருந்தன. ஓயாமல் ம்ம்ம் என்று முனகும். எல்லாப் பழைய ஆம்ப்ளிஃபயரும் கரண்டு ஓட்டத்தில் முனகும்தான். நாங்கள் என்றால் அதை அடக்க வழி தேடுவோம். டீச்சரோ பாடகர்களிடம் போய், “அது ஜி-க்குப் பக்கத்துல நிக்கி. நீங்களும் அந்தச் சுருதிக்கு வந்துருங்க, அழகா இருக்கும்” என்பார். எங்கள் பாடகி ஒருத்தி, “அதுக்கு என் தொண்ட எட்டாது டீச்சர்” என்றாள். “தினம் காலையில ரெண்டு ரவுண்டு ஓடு. எட்டும்” என்றார் டீச்சர். அவள் ஓடினாள். எட்டியதா என்பதை விடுங்கள், சர்க்கரை குறைந்தது. என் கடையில்தான் மாத்திரை வாங்குவாள், அதனால் தெரியும்.

இன்னொரு குறை ரேடியோ. எந்த ஒயர் எங்கே லூசாக இருந்ததோ, சில இடங்களில் ஆம்ப்ளிஃபயர் தானாக ரேடியோவைப் பிடித்துவிடும். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் காதல் பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் நிற்கும், பாடகி ஒரு பெருமூச்சு விடவேண்டும், பிறகு தொடரும். வாத்தியங்கள் நின்றன. அவள் பெருமூச்சுவிட வாயைத் திறந்தாள். தேக்குப் பெட்டியிலிருந்து கனமான ஒரு ஆண் குரல், “நெற்பயிரில் இலைச்சுருட்டுப் புழுவின் தாக்குதல் தென்பட்டால் விவசாயிகள் உடனடியாக” என்றது.

பாடகன் தொடர்ந்து பாட முயன்றான். மூன்றாவது வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து கையைக் காட்டி நிறுத்தினார். “எய்யா, ஒரு நிமிசம் பாட்ட நிறுத்தும். என்ன மருந்துன்னு சொல்லட்டும்” என்றார். அந்த ஆண்டு எல்லோர் வயலிலும் புழு. மண்டபமே அமைதியாக உட்கார்ந்து மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டுக்கொண்டது. மாப்பிள்ளையின் அப்பா உட்பட. அறிவிப்பு முடிந்ததும் கைதட்டினார்கள். அன்றைய கச்சேரியில் விழுந்த பெரிய கைதட்டல் அதுதான்.

இப்படி இருந்த பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடலையின் கடையில் வைத்து வாயடைத்துப் போனார். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். சத்தத்துக்கு ஆதாரமான பெரிய வால்வுகள் இரண்டு. ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. மற்றது கறுத்துக் கிடந்தது.

டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. விசில் ஊதும் அந்த மனுஷி சத்தமில்லாமல், “போயிட்டு” என்றார். மினுங்கிக்கொண்டிருந்த நல்ல வால்வையாவது காப்பாற்ற, அதை ஆறவைத்துக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. போன் செய்தால், “ஸ்போர்ட்ஸ் டே வருதுல்லா” என்றார். ஸ்போர்ட்ஸ் டே முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

சுடலைதான் பதறிப்போனான். அந்த வகை வால்வை இப்போது எங்கேயும் செய்வதில்லை. போனில் தேடினான். மதுரைக்கு ஆள் விட்டான். சென்னைக்குப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டி அனுப்பினான். அளவு கொடுக்க வந்த வாடிக்கையாளர்களிடம் கழுத்து அளவு எடுக்கும்போதே, “உங்க வீட்டுல பழைய ரேடியோ கெடக்கா?” என்று கேட்பான். கழுத்தில் டேப் இருக்கும்போது யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்பது அவன் நம்பிக்கை.

கடைசியில் ஏரலிலிருந்து சட்டை தைக்க வந்த ஒருவர் சொன்னார். அவர் தெருவில் முன்பு வாழைக்காய் மண்டி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எண்பது தாண்டியவர். வீட்டில் பெரிய பெட்டியாக ஒரு ரேடியோ, கண்ணாடிக் குடுவை வைத்தது. அவர் அதை அலறவிடுவதில் தெருவே தூங்க முடியவில்லை. யாராவது தூக்கிக்கொண்டு போனால் மருமகள் ஆரத்தி எடுப்பாள்.

சுடலை போன் நம்பர் வாங்கி மருமகளிடம் பேசினான். ரேடியோவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். படம் வந்ததும் என் கடைக்கு ஓடிவந்தான். அதே வால்வு. ஒன்றே ஒன்று. நமக்குத் தேவையும் ஒன்றே ஒன்று.

மூன்று பேரும் ஏரலுக்குக் கிளம்பினோம். டீச்சர் பேஸையும் எடுத்து வந்தார். “எதுக்கு டீச்சர்?” என்றேன். “உயிரோட இருக்கான்னு சோதிக்காம எப்படி எடுக்கது?” என்றார். கைப்பையில், கைக்குட்டையில் சுற்றிய நல்ல வால்வும் இருந்தது, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க. பஸ்ஸில் அவர் பழையபடி பேசினார். ஸ்ரீவைகுண்டம் வரை எனக்கும் சுடலைக்கும் பதினைந்து இஞ்சு ஸ்பீக்கர் பற்றிப் பாடம் நடந்தது.

வீட்டுக்குள் நுழையும் முன்பே ரேடியோ கேட்டது. முன்னறையில் மேசைமேல் அது இருந்தது, பக்கத்தில் நாற்காலியில் அண்ணாச்சி. மருமகள் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். “கொண்டு போங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். காது கேக்காது, ஆனா இது ஓடிட்டே இருக்கணும். போன மாசத்துல இருந்து சத்தம் வேற கம்மியாயிட்டு. அதனால முழுசாத் திருக்கி வச்சிருக்காவ” என்றாள். பிறகு அண்ணாச்சியின் காதருகே குனிந்து உச்சக்குரலில், “மாமா, ரேடியோ கேட்டு வந்திருக்காவ” என்று கத்தினாள்.

“என்னது?”

“ரேடியோ கேட்டு.”

“கேட்டுட்டுத்தான இருக்கேன்” என்றார் அண்ணாச்சி.

நான் கத்திப் பார்த்தேன். சுடலை கத்திப் பார்த்தான். தெருவில் போன ஒருவர் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் விஷயம் புரிந்ததும் அண்ணாச்சி ரேடியோவைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். “எல்லாருமாச் சேந்து இதையும் கொண்டு போயிருங்க” என்றார். கோபமாகக்கூட இல்லை.

மருமகள், “நீங்க எடுங்க டீச்சர், ரெண்டு நாள் மொனங்குவாவ, பொறவு மறந்துருவாவ” என்றாள்.

டீச்சர் ரேடியோவுக்குப் பின்னால் போனார். அந்தக் காலத்து ரேடியோக்களின் முதுகில் கிராமபோன் செருக இரண்டு துளை இருக்கும். தன் பேஸின் ஒயரை அதில் பொருத்தினார். ரேடியோப் பேச்சு நின்றது. அண்ணாச்சியின் முகம் விழுந்தது. டீச்சர் நிமிர்ந்து, குதிகாலைச் சேர்த்து நின்று, அடிக்கம்பியை ஒருமுறை தட்டினார்.

அந்தச் சின்ன அறையில் அது மண்ணிலிருந்து கிளம்புவதுபோல வந்தது. வால்வு தளர்ந்திருந்ததால் ஓரங்களில் கொஞ்சம் கரகரப்பு. அண்ணாச்சி ரேடியோவிலிருந்து கையை எடுக்கவில்லை. டீச்சர் இன்னொரு சுரம், பிறகு இன்னொன்று என்று நிதானமாக ஏறி இறங்கினார். பாட்டு என்று சொல்ல முடியாது. நடை என்று சொல்லலாம். அண்ணாச்சியின் வலதுகால் தரையில் மெதுவாக விழ ஆரம்பித்தது.

நிறுத்தியதும் அவர் கேட்டார். “இது யாரு பேசுதது?”

டீச்சர் பேஸைத் தூக்கிக் காட்டினார்.

“இது கேக்குது” என்றார். “நீங்க எல்லாம் பேசுதது எனக்குக் கொசு பறக்க மாதிரி இருக்கு. கீச்சுகீச்சுன்னு. என்ன சொல்லுதீயன்னே வெளங்க மாட்டேங்கு. இந்த ரேடியோல அந்தக் கனத்த கொரல்காரர் பேசுனா மட்டும்தான் கேக்கும். மனுசக் கொரல் கேக்கணும்னுதான் இத வச்சிருக்கேன்.”

டீச்சர் பேஸைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். வாழ்நாள் முழுவதும் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கக் கத்தியவர் அவர். அண்ணாச்சிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அபூர்வம். தொண்டையை இறக்கி, அடிவயிற்றிலிருந்து, கத்தாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “அண்ணாச்சி. நான் பேசுதது கேக்கா?”

அண்ணாச்சி திரும்பினார். “கேக்கு.”

“சாப்பிட்டீங்களா?”

“இல்ல. இன்னும் தரல.”

டீச்சர் மருமகளை அருகில் அழைத்தார். “நீ கத்துத. கத்தக் கத்தக் கொரலு மேல போவுது. மேல போனது அவியளுக்கு எட்டாது. கீழ எறக்கி, பையப் பேசு.” மருமகள் வெட்கத்தோடு இரண்டுமுறை முயன்றாள். மூன்றாவது முறை, ஆண்பிள்ளைக் குரலில், “மாமா, சோறு வைக்கட்டா?” என்றாள்.

அண்ணாச்சி அவளை நெடுநேரம் பார்த்தார். “வையி” என்றார். பிறகு, “நீ இப்படிக்கூடப் பேசுவியா?” என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். தட்டு எடுக்கிற சத்தம் வர வெகுநேரம் ஆனது. வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

இதோடு கிளம்பியிருந்தால்கூடச் சுடலை பொறுத்துக்கொண்டிருப்பான். அண்ணாச்சி சாப்பிடும்போது டீச்சர் ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கினார். பின்பலகையைக் கழற்றினார். சூடு ஆறும்வரை காத்திருந்து தளர்ந்த வால்வை எடுத்துவிட்டு, கைப்பையைத் திறந்து, கைக்குட்டையிலிருந்த தன்னுடைய நல்ல வால்வை அங்கே பொருத்தினார். சுடலை என் கையைப் பிடித்து அழுத்தினான். எலும்பு நொறுங்கும் என்று நினைத்தேன். டீச்சர் ரேடியோவைப் போட்டு, அது யோசித்து முடித்துப் பேசத் தொடங்கியதும், சத்தத்தைப் பாதிக்குமேல் குறைத்துவைத்தார். கரகரப்பு இல்லாமல், நிறைவாகக் கேட்டது. அண்ணாச்சி சோற்றுக்கையோடு, “இப்பத்தான் பக்கத்துல வந்து பேசுதாரு” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் சுடலை தன் துண்டை முறுக்கிக்கொண்டே வந்தான். வாழைத்தோட்டங்கள் முடியும்வரை பொறுத்திருந்தான்.

“எத்தன பேரு கழுத்தப் புடிச்சுக் கேட்டிருப்பேன் டீச்சர்” என்றான். “ஒண்ணு வாங்கப் போயி, இருந்த ஒண்ணையும் குடுத்துட்டு வாரிய.”

“என் பெட்டிக்கு ரெண்டு வேணும்ல சுடல. அவியளுக்கு ஒண்ணு போதும். கையில இருந்தது ஒண்ணு.”

“இனி பெரியவரு பேசவே மாட்டாரு.”

“அவரு நிறையப் பேசிட்டாரு” என்றார் டீச்சர். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்சீட்டின் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய இடதுகை விரல்கள் மட்டும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சுடலை அதைப் பார்த்தான். கோபத்தை விட்டுவிட்டுத் தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு டீச்சர் கடைக்கு வந்துவிட்டார். கையில் புதிதாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். ஒரு விரலால் தூக்கலாம். அதற்கு டிபன் பாக்ஸ் என்று அவரே பெயர் வைத்தார். கச்சேரிகளில் அதை வைத்துத்தான் வாசித்தார். கேட்பவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நான் ஆறுதலாகச் சொன்னேன். “கவனிக்கலன்னா சரியா வாசிக்கோம்னு அர்த்தம்” என்றார். தேக்குப் பெட்டி சுடலையின் கடையிலேயே தங்கிவிட்டது. அவன் அதற்கும் அளவெடுத்து ஒரு உறை தைத்தான்.

ஊரில் இருந்தவரை மாதத்துக்கு ஒருமுறை டீச்சர் பேஸை எடுத்துக்கொண்டு ஏரலுக்குப் போய்வருவார். ரேடியோவின் முதுகில் செருகி வாசிப்பார். “நேத்து நியூஸ்ல சொன்னதுக்கு இது தேவலை” என்பது அண்ணாச்சியின் விமர்சனம். அண்ணாச்சி இப்போதும் நன்றாக இருக்கிறார். மருமகள்தான் பக்கத்து வீட்டுக்காரர்களோடும் அந்தக் கனத்த குரலிலேயே பேசப் பழகிவிட்டாள்; தெருவில் எல்லோருக்கும் அவளைக் கண்டால் கொஞ்சம் பயம்.

டீச்சர் ஓய்வு பெற்றார். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கைக்கு உடம்புக்கு முடியாமல் போக, பார்த்துக்கொள்ள அங்கே போய்விட்டார். கல்கத்தா பேஸும் டிபன் பாக்ஸும் கூடப் போயின. போகும்போது சுடலையிடம், “குனிஞ்சு குனிஞ்சு தைக்காதல, முதுகு போயிரும்” என்றார். என்னிடம், “அந்த அஞ்சாவது கம்பியையும் கொஞ்சம் வாசி, பாவம்” என்றார். அவ்வளவுதான் விடைபெறுதல்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் சுடலையும் கடையில் இருக்கும்போது டீச்சரிடமிருந்து போன் வரும். நலமா என்று கேட்கமாட்டார். “ரெண்டு பேரும் இருக்கியளா? கேளுங்க” என்று சொல்லிவிட்டு, போனை அங்கே ஆம்ப்ளிஃபயர்மேல் வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பிப்பார். இந்தச் சின்னப் போன்களில் பேஸ் கேட்காது. விரல் கம்பியில் படும் டிக் டிக் மட்டும் வரும், கடிகாரம் ஓடுவதுபோல. அது எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியாமல் இருக்காது. ஆனாலும் சுடலை எழுந்து ஃபேனை நிறுத்துவான். நான் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்குவேன். அவர் வாசித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் மேசைமேல் குனிந்து, கேட்காத அந்தச் சத்தத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்போம்.